சோலோவைத் தேடி ஓடாதீர்கள்: ஜாஸ் ஃப்யூஷனும் ப்ராக் ராக்கும் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். படிக்கும்போது பாட்டு வரிகள் தொந்தரவு செய்கின்றன, வரிகளே இல்லாத இசை ஏதாவது வேண்டும் என்றான். போனை ஸ்பீக்கரில் இணைத்து கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்' போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, அவன் கட்டைவிரல் திரைக்கு வந்துவிட்டது. கீழே ஓடும் கோட்டைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தபடி கேட்டான்: "மாமா, சோலோ எத்தனாவது நிமிஷத்துல வருது?" ஒரு வாத்தியம் தனியாக முன்னால் வந்து வாசிக்கும் இடத்தைத்தான் கேட்டான்.

அந்தக் கட்டைவிரலை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வயதில் டேப் ரெக்கார்டரின் ஃபார்வர்ட் பட்டனில் இருந்தது என்னுடைய விரல். ஜாஸின் கற்பனையை ராக்கின் மின்வாத்தியங்களோடு கலப்பது ஜாஸ் ஃப்யூஷன், ராக்கை நீண்ட உருப்படிகளாகக் கட்டுவது ப்ராக் ராக். எனக்குத் தெரிந்து இந்த இசைக்குள் வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள், பாதிப் பேர் இதே வழியாகத் திரும்பியும் போய்விடுகிறார்கள். ஒலி போதவில்லை, கேட்கும்போது வேறு வேலை பார்த்தேன் என்பது போன்ற தவறுகள் நாலு நாளில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோலோவை மட்டும் தேடுவது

நம் காது பாட்டு கேட்டு வளர்ந்த காது. குரல் வந்தால் அது பாட்டு. நடுவில் வரும் வாத்தியம் அடுத்த சரணம் தொடங்கும்வரை வருவது, அவ்வளவுதான். இப்படிப் பழகிய காது, குரலே இல்லாத இசைக்குள் போனால் என்ன செய்யும்? குரல் இருந்த இடத்தில் உட்கார வைக்க எதையாவது தேடும். பெரும்பாலும் கிடார்தான் கிடைக்கும். கிடார் வேகமெடுக்கும் இடம் பாட்டு, மற்றதெல்லாம் காத்திருப்பு என்று ஆகிவிடுகிறது.

கல்லூரி விடுதியில் ஒரு நண்பனிடம் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்யும் டெக் இருந்தது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஃப்யூஷன் குழுவின் முதல் இரண்டு ஸ்டூடியோ ஆல்பங்களிலிருந்து, அதாவது 1971லும் 1973லும் வந்தவற்றிலிருந்து, ஜான் மெக்லாக்ளினின் கிடார் பகுதிகளை மட்டும் வெட்டி ஒரு கேசட்டில் சேர்த்தேன். இரண்டு வருடம் அதைத்தான் கேட்டேன். அந்தக் குழுவில் ஜெர்ரி குட்மனின் வயலினும் ஜான் ஹாமரின் கீபோர்டும் கிடாரோடு மாறி மாறிப் பேசும். ஒருவர் ஒரு வரி வாசிப்பார், அடுத்தவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பார். கேள்விகளை வைத்துக்கொண்டு பதில்களை வெட்டி எறிந்திருந்தேன். இவர்கள் எல்லோரையும் பில்லி கோபமின் டிரம்ஸ் கீழிருந்து தூக்கிக்கொண்டே போகும். அது இருந்ததே அப்போது என் காதில் விழவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 'கமீலியன்' இருக்கும் ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) ஆல்பத்தின் கேசட் ஒன்று கைக்கு வந்தது. ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். கிடார் சோலோ எங்குமே இல்லை. எப்படி இருக்கும்? அந்த ஆல்பத்தில் கிடாரே கிடையாது. ஹான்காக் கிடார்காரர் வேண்டாம் என்று முடிவு செய்து, அந்த வெட்டு வெட்டான தாளத்தைக் கிளாவினெட் என்ற மின்சாரக் கீபோர்டில் தானே வாசித்தார். எனக்கு அது தெரியாது. இன்னொருவனிடம் வேறு கேசட்டுக்கு மாற்றிவிட்டேன். மறுபடி அந்த ஆல்பத்தை உட்கார்ந்து கேட்க எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

'கமீலியன்' பதினைந்தரை நிமிடத்துக்கும் மேல். சின்தசைசரில் ஒரு பாஸ் வரி, அதாவது தாழ்ந்த ஸ்தாயியில் திரும்பத் திரும்ப வரும் வரி, தனியாக வந்து நிற்கும். அதன்மேல் ஹார்வி மேசனின் டிரம்ஸ் வந்து சேரும். பால் ஜாக்சன் பாஸ் கிடாரின் மேல் ஸ்தாயியில் ஒரு சின்ன வரியை வைப்பார், தெரியாதவர்கள் அதைச் சாதாரண கிடார் என்றே நினைப்பார்கள். பிறகுதான் பென்னி மாப்பினின் சாக்ஸஃபோன் மெட்டைக் கொண்டுவரும். அடியில் இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) மாறி மாறி. அந்தப் பாஸ் வரி அசையாமல் கிடப்பதால்தான் மேலே ஹான்காக் ஸ்வரத்தை வளைத்து, இழுத்து, வேண்டுமென்றே தள்ளாட முடிகிறது. கோட்டை இழுத்து நேரே சோலோவுக்குப் போனவருக்குத் தள்ளாட்டம் மட்டும்தான் கேட்கும், எதிலிருந்து தள்ளாடுகிறார் என்பது கேட்காது. அப்புறம் நடுவில் தரையே மாறும், எலக்ட்ரிக் பியானோ வரும். தரை மாறியதே, முதல் ஏழு நிமிடம் அதன்மேல் நின்றவருக்குத்தான் தெரியும்.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலண்ட் வே' (1969) இதற்கு இன்னும் நல்ல சாட்சி. மெக்லாக்ளின் இருக்கிறார் என்பதற்காகவே அதை வாங்கினேன், அவர் வேகமாக எதையும் வாசிக்கவில்லை என்று ஏமாந்தேன். கிடார் வாசிக்கவே தெரியாதவன்போல வாசி என்று மைல்ஸ் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தின் முதல் நான்கு நிமிடத்தில் தாளம் என்று எதுவும் இல்லை, மெட்டு மட்டும் மெல்ல மிதக்கும். அப்புறம் தாளம் வந்து பத்து நிமிடத்துக்கு மேல் போகும். கடைசியில் அந்த முதல் நான்கு நிமிடம் அப்படியே திரும்ப வரும். திரும்ப வாசித்தது இல்லை, அதே நாடா. தயாரிப்பாளர் டியோ மாசெரோ வெட்டி ஒட்டியது. ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, ஆனால் இரண்டாவது முறை அது வேறாகக் கேட்கும். நடுவில் நடந்ததைக் காது சுமந்துகொண்டு வருகிறது. தாண்டித் தாண்டிக் கேட்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம்? ஒரே உருப்படியை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பாஸ் மட்டும். இரண்டாம் முறை டிரம்ஸ் மட்டும், அதிலும் சிம்பலை விட்டுவிட்டுக் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மை. மூன்றாம் முறை எதையும் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அக்கா மகனிடமும் இதைத்தான் சொன்னேன். முகம் சுளித்தான், ஆனாலும் உட்கார்ந்தான். சாயங்காலம் அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டே அந்தப் பாஸ் வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சோலோவை இல்லை, பாஸ் வரியை.

பட்டியலில் முதலில் இருப்பதை முதலில் கேட்பது

எந்த ஃப்யூஷன் பட்டியலைப் பார்த்தாலும் மேலே மைல்ஸின் 'பிட்சஸ் ப்ரூ' (1970) இருக்கும். இருக்க வேண்டிய இடம்தான். ஆனால் இரண்டு பாஸ், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எலக்ட்ரிக் பியானோ, 27 நிமிடம் ஓடும் தலைப்பு உருப்படி. முதல் நாளே அதில் இறங்கினால் மூச்சு முட்டும், இது நமக்கானதில்லை என்று ஒதுங்கிவிடுவீர்கள். வெதர் ரிப்போர்ட்டின் 'ஹெவி வெதர்' (1977), ஜெஃப் பெக்கின் 'ப்ளோ பை ப்ளோ' (1975), கேமல் என்ற ப்ராக் குழுவின் 'தி ஸ்னோ கூஸ்' (1975), இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். 'பிட்சஸ் ப்ரூ' ஆறு மாதம் கழித்து வரட்டும்.

ஃப்யூஷனையும் ப்ராக்கையும் ஒரே மாதிரி கேட்பது

ஃப்யூஷன் குழு மெட்டைச் சொல்லிவிட்டு அங்கேயே கற்பனை செய்யும், நம் கச்சேரியில் பல்லவியைச் சொல்லி நிரவல் செய்வதுபோல. ப்ராக் ராக்கில் பெரும்பகுதி முன்கூட்டியே கட்டப்பட்டது, அதன் அழகு கட்டுமானத்தில். ஃப்யூஷனில் பிடித்த உருப்படியின் மேடைப் பதிவைத் தேடிப் போங்கள், வேறொன்றாக இருக்கும். ப்ராக்கில் ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்தான் கட்டு புரியும்.

ஷஃபிள்

அணைத்து வையுங்கள். 'தி ஸ்னோ கூஸ்' 16 துண்டுகளாகத் தெரியும், ஆனால் ஒரே கதை, தொடங்கிய சதுப்பு நிலத்திலேயே வந்து முடியும்.

போன் ஸ்பீக்கர்

பாஸ் கேட்காது. வேண்டாம்.

எண்ணிக்கொண்டே கேட்பது

தாளம் தெரிந்த நம் ஆட்கள் விழும் குழி இது. மகாவிஷ்ணுவின் 'பர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஒரு சுற்றுக்கு 18 எண்ணிக்கை என்று யாராவது சொல்லிவிட்டால் பாட்டு முடியும்வரை விரல் விட்டுக்கொண்டே இருப்பார்கள். கணக்கு சரியாக வந்ததா என்பதில்தான் மனம் இருக்கும். முதல் பத்து முறை உடம்பு ஆடட்டும், கணக்கு பிறகு தானாகப் பிடிபடும்.

எண்ணாமல் இருக்கப் பழக, மெக்லாக்ளின் நம் கலைஞர்களோடு சேர்ந்த ஷக்தி குழுவின் முதல் ஆல்பத்தைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 1975இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற மெக்லாக்ளின், இங்கே மின்சார கிடாரைக் கீழே வைத்துவிட்டார். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, ராம்நாட் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம். 'ஜாய்' 18 நிமிடம். கிடாரும் வயலினும் சேர்ந்து பறக்கும்போது காது அங்கே ஓடப் பார்க்கும், பரவாயில்லை. முதல் தடவை கடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.