சம்மர் லீவு பிளான்: கிளாஸை அப்புறம் பாக்கலாம், மதியம் புள்ளைங்கள யாரு பாத்துப்பாங்கன்னு முதல்ல எழுதுங்க

மார்ச் பொறந்தா போதும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல சம்மர் கேம்ப் நோட்டீஸா வந்து குவியும். ரோபாட்டிக்ஸ், அபாகஸ், ஸ்கேட்டிங், அடுப்பில்லா சமையல்னு ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல. அதுல நல்லதா நாலு பொறுக்கி பணத்தையும் கட்டிட்டு, மே மாசம் ஆபீஸ் மீட்டிங் நடுவுல "இப்ப யாரு போய் கூட்டிட்டு வர்றது"ன்னு புருஷனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி மெசேஜ் போட்டுக்கறதுதான் நிறைய வீட்டுல நடக்குது. ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்கன்னா இந்த பதிவு உங்களுக்குத்தான். எங்க வீட்டுல நாலாவது முடிச்ச பொண்ணு, ஒண்ணாவது முடிச்ச பையன், இருக்கறது தாம்பரம் பக்கம், அதனால இடமெல்லாம் சென்னையை வெச்சுத்தான் சொல்லுவேன், மத்த ஊர்க்காரங்க பேரை மாத்திக்கங்க.

1. காலண்டர்

மளிகைக் கடையில ஓசியில தர்ற மாசக் காலண்டர் போதும், கட்டம் பெருசா இருக்கணும், அவ்வளவுதான். கூகுள் காலண்டர், ஃபேமிலி ஆப்னு ஆளாளுக்கு சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, ஏன்னா அது நம்ம போன்ல இருக்கும், பசங்களுக்கும் பாட்டிக்கும் வேலை செய்யற அக்காவுக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜ் கதவுல தொங்கினா எல்லாரும் பாப்பாங்க.

அதுல முதல்ல பரீட்சை முடியற நாள், ஸ்கூல் திறக்கற நாள், உங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ்ல லீவே கேக்க முடியாத நாட்கள், இதைக் குறிங்க. அக்னி நட்சத்திரம் மே 4லேருந்து 28 வரைக்கும்னு வரும், அதை சிவப்புல கோடு போட்டு வைங்க, அந்த நாட்கள்ல காலையில 9 மணிக்கு மேல சாயங்காலம் நாலரை வரைக்கும் வெட்டவெளியில எந்த கிளாஸும் வேணாம்.

ஸ்கூல் திறக்கற தேதியை மட்டும் பென்சில்ல எழுதுங்க. 2023ல ஜூன் 1னு சொன்னாங்க, வெயில் தாங்கலன்னு 7க்கு தள்ளிப் போச்சு, கடைசியில பெரிய வகுப்புகளுக்கு 12, ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் 14னு ஆச்சு. 2024லயும் 6ஆம் தேதின்னு இருந்தது 10 ஆச்சு. அதனால ஜூன் முதல் ரெண்டு வாரத்துக்கும் சேத்தே பிளான் போடுங்க, ரெண்டு பேரோட லீவையும் மே மாசத்துலயே தீத்துடாதீங்க.

(சேத்தது: ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, பெரியவன் சிபிஎஸ்இ, சின்னவ ஸ்டேட் போர்டு, என்ன பண்றதுன்னு. சிபிஎஸ்இ ஸ்கூல்ல ஏப்ரல்லயே அடுத்த கிளாஸ் ஆரம்பிச்சு கொஞ்ச நாள் நடத்திட்டுத்தான் லீவு விடுவாங்க, அதனால ஏப்ரல்ல ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் ஸ்கூல்லன்னு வரும். ரெண்டு பேருக்கும் ரெண்டு கலர் பேனா, ரெண்டு கலரும் ஒண்ணா வர்ற வாரங்கள்ல மட்டும் ஊர்ப் பயணம்.)

2. ஊருக்கு அனுப்பறது

தாத்தா பாட்டி ஊர்ல இருக்காங்கன்னா முதல்ல அதை முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் மிச்சம் இருக்கற நாட்களுக்குத்தான். ரயில் ரிசர்வேஷன் முன்ன மாதிரி 120 நாள் இல்ல, 2024 நவம்பர்லேருந்து 60 நாள். அதாவது மே 1க்கு டிக்கெட் வேணும்னா மார்ச் 2 காலையில 8 மணிக்கு உக்காரணும். நெல்லை, நாகர்கோவில் பக்கம் போற வண்டியெல்லாம் கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள வெயிட்டிங் லிஸ்ட். 5 வயசு ஆயிட்டா தனி பெர்த்துக்கு முழு டிக்கெட் எடுக்கணும், பெர்த் வேணாம்னாதான் பாதி, 12 வயசுக்குக் கீழ அப்படித்தான். திரும்பி வர்ற டிக்கெட்டையும் அந்தந்த தேதிக்கு அலாரம் வெச்சு எடுங்க, போறதை விட வர்றதுதான் கஷ்டம், மே கடைசியில ஊரே சென்னைக்கு கிளம்பும்.

பாட்டி பாத்துப்பாங்கன்னு மாசம் பூரா விட்டுட்டு வராதீங்க. முட்டி வலியோட இருக்கற எழுபது வயசு மனுஷி ரெண்டு வாலுங்களை எத்தன நாள்தான் மேய்ப்பாங்க. ரெண்டு வாரம் சரியா இருக்கும்னு நான் நினைக்கறேன்.

3. நடுவுல விழற ஓட்டை

நிறைய பேருக்கு உதைக்கறது இங்கதான், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஒரு வெள்ளைத் தாள்ல காலையில 8லேருந்து ராத்திரி 7 வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோடு. நீங்க எத்தனை மணிக்கு கிளம்பறீங்க, அவரு எப்ப வருவாரு, வேலைக்கார அக்கா எதுலேருந்து எது வரைக்கும், இதை நிரப்பிட்டு பாத்தீங்கன்னா பெரியவங்க யாருமே இல்லாத ஒரு நேரம் தெரியும். பெரும்பாலும் 12லேருந்து 5. கேம்ப் எல்லாம் 10 டு 12னு இருக்கும், அதாவது பசங்களுக்கு ஆள் இருக்கற நேரத்தையே அது நிரப்புது, ஆள் இல்லாத நேரம் அப்படியே காலியா கெடக்கு. இதுக்குப் போய் ரெண்டு பசங்களுக்கும் பணம் கட்டறது எதுக்குன்னு அந்தத் தாளைப் பாத்தாலே புரிஞ்சுடும்.

அந்த ஓட்டையை அடைக்க மூணு வழி. ஒண்ணு டே கேர், லீவு நேரத்துல பெரிய பசங்களையும் மாசக் கணக்குல எடுத்துக்கற இடங்கள் இருக்கு, ஏப்ரல் முதல் வாரத்துலயே கேட்டு வைங்க, ஆனா ஒன்பது பத்து வயசு புள்ளைய மூணு வயசுக் குழந்தைங்களோட உக்கார வெச்சா அதுக்கு ரெண்டாவது நாளே அலுத்துடும். ரெண்டாவது, நீங்களும் அவரும் ஷிஃப்ட் மாதிரி பிரிச்சுக்கறது, அவரு மதியம் வீட்டுலேருந்து வேலை, நீங்க சீக்கிரம் போய் சீக்கிரம் வர்றது, ஆபீஸ் ஒத்துக்கணும்.

மூணாவதுதான் என்னோட ஓட்டு: அக்கம்பக்கத்துல அதே வயசு பசங்க இருக்கற நாலு வீடு சேந்து முறை போட்டுக்கறது. திங்கள் எங்க வீடு, செவ்வாய் மூணாவது மாடி, இப்படி. ஒவ்வொரு வீட்டுலயும் வாரத்துக்கு ஒரு நாள் யாராவது ஒருத்தர் அரை நாள் லீவோ வீட்டுலேருந்து வேலையோ பாத்தா போதும். மீதி ஒரு நாளுக்கு யாராவது வீட்டு பாட்டி.

கேக்க சுலபமா இருக்கு, ஆனா வாய்ப்பேச்சா விட்டா ஒரு வாரத்துல மனஸ்தாபம் வரும். ஒரு பக்கத்துல எழுதி நாலு பேரும் படிச்சுடுங்க. எங்க தாள்ல இருந்தது இவ்வளவுதான்: மதிய சாப்பாடு அவங்கவங்க டப்பாவுல அவங்கவங்களே அனுப்பணும், முட்டை இருந்தா முன்னாடியே சொல்லணும். டிவி அரை மணி நேரம், போன் கிடையாது. நீளமா தூங்கற புள்ளைக்கு பாயும் தலகாணியும் வீட்டுலேருந்து வரும். வீசிங் இருக்கற பையனோட இன்ஹேலர் அவனோட பையில முன் ஜிப்புல இருக்கும், அது எப்படி போடணும்னு அவங்க அம்மா எல்லாருக்கும் செஞ்சு காட்டணும். காய்ச்சல் இருந்தா அனுப்பக்கூடாது, அன்னிக்கு அந்த வீட்டுக்காரங்கதான் லீவு போடணும். அஞ்சரைக்குள்ள வந்து கூட்டிட்டுப் போகணும். கடைசி விஷயத்தைப் பேசறதுக்கு கூச்சமா இருக்கும், ஆனா அதை எழுதலன்னா மத்ததெல்லாம் எழுதி பிரயோஜனமே இல்ல.

(சேத்தது: நாலு வீடு கிடைக்கல, ரெண்டு வீடுதான்னா என்னன்னு பல பேர் கேட்டாங்க. முழு மாசத்துக்கு இழுக்காதீங்க. ஊருக்குப் போற ரெண்டு வாரம் போக மிச்சத்துல கஷ்டமான வாரங்களுக்கு மட்டும் போடுங்க.)

4. இப்ப கிளாஸ்

இப்பத்தான் நோட்டீஸை எடுக்கணும். ஒரு புள்ளைக்கு உடம்பு அசையற மாதிரி ஒண்ணு, அதுக்குப் பிடிச்சது ஒண்ணு, அதுக்கு மேல வேணாம்.

என்னைக் கேட்டா நீச்சல்தான் முதல்ல. மத்ததெல்லாம் வருஷம் பூரா கத்துக்கலாம், நீச்சல் வெயில் காலத்துலதான் புள்ளைங்க அழாம தண்ணியில இறங்கும். பன்னெண்டு, பதினஞ்சு நாள்னு பேட்ச் ஓடும். சேக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போய் கரையில நின்னு பாருங்க: ஒரு கோச் எத்தனை புள்ளைங்களைப் பாக்கறாரு, கத்துக்கறவங்க ஆழம் கம்மியான பக்கம் தனியா இருக்காங்களா, கோச் இல்லாம தனியா ஒரு லைஃப்கார்ட் நிக்கறாரா. இதுல ஒண்ணு இல்லன்னாலும் அந்த இடம் வேணாம், ஃபீஸ் கம்மியா இருந்தாலும் வேணாம். நீச்சல் கண்ணாடியை விலை பாத்து வாங்காம கடையிலயே பட்டை மாட்டாம கண்ணுல அழுத்திப் பாருங்க, கையை எடுத்தும் ரெண்டு நொடி ஒட்டிட்டு நின்னா சைஸ் சரி. தண்ணி உள்ள போற கண்ணாடியால நீச்சலையே வேணாம்னு சொன்ன புள்ளைங்க நிறைய.

விளையாட்டுக்கு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம் மாவட்டமா கோடைக்காலப் பயிற்சி முகாம் நடத்துது, தடகளம், வாலிபால், கபடி மாதிரி, காலையிலயும் சாயங்காலமும்தான் இருக்கும், வெயில் பிரச்சினை இல்ல. ஏப்ரல்ல பேப்பர்ல அறிவிப்பு வரும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல நேர்ல போய் கேட்டாலும் சொல்வாங்க.

அபாகஸ் லெவல் லெவலா போற விஷயம், லீவுல சேத்தா ஜூன்லயும் கட்டணும், ஜூலையிலயும் கட்டணும், அந்த ஐடியா இருந்தா மட்டும் சேருங்க. பணம் கட்டறப்ப கேக்க வேண்டியது: பாதியில நின்னா காசு திரும்ப வருமா, ஆள் கம்மியா இருந்தா பேட்சை மாத்துவீங்களா, கிளாஸ் முடிஞ்சு நாங்க வர லேட்டானா யாரு கூட இருப்பாங்க. மூணாவது கேள்விக்கு "வாட்ச்மேன் இருக்காரு மேடம்"னு பதில் வந்தா கிளம்பி வந்துடுங்க.

5. வீட்டுப் பாடம்

அடுத்த வருஷப் புத்தகத்தை இப்பவே முடிக்கறேன்னு ஆரம்பிக்காதீங்க. தினமும் முக்கால் மணி நேரம், காலையில பல்லு தேச்சு பால் குடிச்ச உடனே, அதுக்கப்புறம் அந்தப் பேச்சே வேணாம்.

தமிழ் வாசிப்புக்கு ஸ்டோரிவீவர் தளம், பிரதம் புக்ஸ் நடத்தறது, காசு கிடையாது. நிலை 1லேருந்து 4 வரைக்கும் பிரிச்சு வெச்சிருக்காங்க. புள்ள படிக்கற வகுப்பைப் பாக்காம ஒரு நிலை கீழேருந்தே ஆரம்பிங்க. இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு தமிழ்ல ஒரு பக்கம் திக்காம படிச்சுட்டோம்னு ஒரு தெம்பு வரணும், அதுதான் இந்த லீவுக்கு வேணும்.

கணக்குக்கு ஒர்க்புக் வாங்கல, கரண்ட் மீட்டரைக் குடுத்தேன். டிஜிட்டல் மீட்டர்ல தேதி, நேரம்னு நம்பர் மாறிட்டே இருக்கும், ஓரத்துல கேடபிள்யூஹெச்னு (kWh) வர்றப்ப இருக்கற நம்பர்தான் யூனிட். பொண்ணு தினமும் காலையில கீழ போய் அது வர்ற வரைக்கும் காத்திருந்து நோட்டுல எழுதிட்டு வருவா, நேத்தைய நம்பரைக் கழிச்சா நேத்து செலவு. ஏசி போட்ட நாளும் போடாத நாளும் பக்கத்துல பக்கத்துல தெரியும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், நாம எப்ப தாண்டினோம்னு கண்டுபிடின்னு விட்டுட்டா கழித்தல், சராசரி, தசமம் எல்லாம் தானா வருது. இப்ப ஏசியை அணைக்கச் சொல்லி எங்களைத் திட்டறா, அது வேற தலைவலி. மீட்டர் பெட்டியைத் தொடக்கூடாது, பாக்க மட்டும்தான், பெரியவங்க ஒருத்தர் கூட போகணும்.

6. வெளிய போறது

வாரத்துக்கு ஒரு தடவை போதும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகள் பிரிவு ஏசியில, நடுவுல பெரிய மரம் மாதிரி செஞ்சு வெச்சிருப்பாங்க, பசங்க அதைச் சுத்தியே உக்காந்துடும். அங்கேருந்து பிர்லா கோளரங்கம் பக்கம்தான், தமிழ்ல காட்சி எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு டிக்கெட் வாங்குங்க.

லீவு போட்டு வார நாள்ல போறவங்க கவனிங்க: வண்டலூர் ஜூ, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காடு தக்ஷிணசித்ரா மூணுக்குமே செவ்வாய்க்கிழமை விடுமுறை. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. காலண்டர்லயே செவ்வாய்க்கு ஒரு எக்ஸ் போட்டு வைங்க.

7. கடைசியா ஒண்ணு, யாரும் சொல்லாதது

யூனிஃபார்ம் துணியை மே ரெண்டாவது வாரத்துக்குள்ள டெய்லர்கிட்ட குடுத்துடுங்க. அதுக்கு மேல போனா "ஸ்கூல் திறந்து ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா"ன்னு சொல்லுவாங்க. ஷூ மட்டும் ஜூன்ல வாங்குங்க, லீவுல கால் வளருது.