கரண்ட் பில் எகிறும்போது நாம் செய்யும் தவறுகள்

பில் எகிறிய மாதத்தில் பல வீடுகளில் முதலில் கிளம்புவது லைட்டை அணைக்கச் சொல்லும் சத்தம்தான். அணைப்பது நல்ல பழக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பில்லைத் தூக்கிவிட்டது அந்த லைட்டாக இருப்பது அரிது. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 9 வாட் எல்இடி பல்பு அந்த 1 யூனிட்டை எடுக்க 111 மணி நேரம் எரிய வேண்டும். 2,000 வாட் கீசருக்கு அரை மணி நேரம் போதும். சூடாக்குபவை, குளிர்விப்பவை, நாள் முழுக்க ஓடுபவை என்று மூன்று வகைச் சாதனங்களில்தான் பணம் போகிறது. அவற்றை விட்டுவிட்டு, பிள்ளை படிக்கும் அறையின் வெளிச்சத்தைக் குறைப்பதால் யாருக்கும் பயனில்லை.

பில் வந்ததும் தொகையை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. முதலில் யூனிட்டைப் பாருங்கள், அப்புறம் எத்தனை நாளுக்கான கணக்கு என்று பாருங்கள். ரீடிங் எடுக்க வந்தபோது வீடு பூட்டியிருந்தால், சராசரி போட்டு பில் அனுப்பியிருக்கலாம். விடுபட்ட யூனிட்டெல்லாம் அடுத்த பில்லில் சேர்ந்து வரும். கட்டணமே உயர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் ஸ்லாப் முறை உள்ள இடங்களில், கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலே தொகை பெரிதாக ஏறிவிடும். காரணம் இதில் எது என்று தெரியாமல் வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

ஏசி விஷயத்தில் பெரும்பாலோர் செய்வது 16 டிகிரியில் வைப்பது, சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையில். வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண ஏசியில் கம்ப்ரசர் 16-இல் வைத்தாலும் 25-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 25 என்றால் அறை குளிர்ந்ததும் நின்று இளைப்பாறும். 16 என்றால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 25 அல்லது 26-இல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் உடம்புக்குப் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். ஃபில்டரைக் கழுவாமல் விடுவதும் பில்லைக் கூட்டும். பலர் கவனிக்காத ஒன்று ஜன்னல். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்தபிறகு திரை போட்டால், வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள் வந்துவிட்டிருக்கும். கண்ணாடிக்கு வெளியே நிழல் கிடைக்கும்படி ஒரு தடுப்பு அமைத்தால் ஏசியின் வேலை நன்றாகவே குறையும்.

கீசரை மாற்றி 'வாட்டர் ஹீட்டர் ராடு' வாங்கினால் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற, கீசரானாலும் ராடானாலும் அரை யூனிட்டுக்குக் குறையாமல் வேண்டும். அது இயற்பியல் விதி, எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. மேலும், ராடு போட்ட வாளிக்குள் கை வைத்து ஷாக் அடித்த விபத்துகள் நிறைய. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். கீசரில் வீணாவது வேறு இடத்தில்: காலையில் போட்டதை இரவு வரை மறந்துவிடுவது. டேங்க் ஆறும், திரும்பச் சூடாகும், யாரும் குளிக்காமலே யூனிட் ஓடும்.

புது ஃப்ரிட்ஜ் வாங்கிய பிறகு பழையதை 'இருக்கட்டுமே' என்று ஒரு மூலையில் ஓடவிடுவதும் இப்படித்தான். இரண்டு தண்ணீர் பாட்டிலுக்காக ஒரு பழைய கம்ப்ரசர் ஆண்டு முழுக்க ஓடுகிறது. வேறு சிலர் ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுகிறார்கள். கிடைக்கும் மிச்சம் சொற்பம், உள்ளே இருப்பது கெட்டுப்போகும் ஆபத்து அதிகம். அதற்குப் பதிலாக, கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி, இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையில் படுக்கச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன், அதுவும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில். 75 வாட் பழைய ஃபேன் நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் மாதம் 34 யூனிட் ஆகும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு அதில் பாதிகூட ஆகாது. அதிகம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள், தூக்கத்தைக் குறைக்க வேண்டாம்.

செல்போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்குவதால் பில்லில் எதுவும் தெரியாது. இரவும் பகலும் 10 வாட் இழுக்கும் செட் டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்து வைத்தால் மாதம் 7 யூனிட் போகலாம். சுவர் ஸ்விட்சில் அணையுங்கள்.

'பிளக்கில் செருகினால் பில் பாதியாகும்' என்று விற்கப்படும் பவர் சேவர் பெட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது மின்சாரத்தைச் சற்றே தேக்கி விடும் கெப்பாசிட்டர் என்ற சிறு பாகம். வீட்டு மீட்டர் பொதுவாகக் கணக்கிடும் மின்சாரத்தை அது குறைப்பதில்லை. கையில் பணத் தட்டுப்பாடு இருக்கும் நேரத்தில்தான் இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பத் தோன்றும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இத்தனையும் சரியாக இருந்தும் யூனிட் குறையவில்லையா? எல்லாச் சாதனத்தையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும், கரண்ட் போகும்போது உதவும் பேட்டரி இன்வெர்ட்டரின் பிளக்கையும் எடுத்துவிட்டு, மீட்டரில் மின்னும் சிறு விளக்கைச் சிறிது நேரம் பாருங்கள். 3,200 என்று முகப்பில் போட்டிருந்தால் 3,200 முறை மின்னினால் 1 யூனிட். எல்லாம் அணைந்த பிறகும் அது விடாமல் மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம், வேறு யாரோ உங்கள் இணைப்பிலிருந்து எடுக்கலாம், மீட்டரே பழுதாகியிருக்கலாம். நீங்களே எதையும் கழற்றாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர் டேங்கையும் பார்த்துவிடுங்கள். டேங்கிலோ குழாயிலோ ஒழுகல் இருந்தால், அதை நிரப்ப மோட்டார் தினமும் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும்.

தொகை கையை மீறிவிட்டால், கெடு தாண்டும் வரை பில்லை ஒதுக்கி வைக்காதீர்கள். தாமதக் கட்டணமும் இணைப்புத் துண்டிப்பும் சேர்ந்தால் சுமை கூடும். கெடுவுக்கு முன்பே மின் அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து, தவணை கிடைக்குமா என்று கேளுங்கள். ரீடிங்கில் சந்தேகம் என்றால் மீட்டரை அன்றைய தேதியோடு படம் எடுத்து, அதையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்து, மீட்டர் பரிசோதனை கேளுங்கள். மனு கொடுத்ததற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.