பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புது கம்ப்யூட்டரில் மாட்டும்போது சொதப்பும் இடங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் புது கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் வீட்டில் பழைய சிபியு ஒன்று மூலையில் கிடக்கும். அதற்குள் 500 ஜிபியோ 1 டிபியோ உள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கும். தூக்கிப் போட மனசு வராது, போடவும் வேண்டாம். வேகத்துக்கு எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிஸ்க், இடத்துக்கு இது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது காலி வீடு இல்லை. பழைய குடித்தனக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

முதல் தவறு, டிஸ்க்குக்குப் பூட்டு இருக்கிறதா என்று பழைய மெஷினிலேயே பார்த்துவிடாமல் அதைக் கழற்றுவது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பல கம்ப்யூட்டர்களில், குறிப்பாக லேப்டாப்களில், டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். உங்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைத் திறக்க உதவும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி பழைய மெஷினோடு போய்விடும். வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிப்பில் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் போட்டோக்கள் இருந்தும் இல்லாத கதைதான். பழைய மெஷினிலேயே என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுதாக முடியும்வரை காத்திருந்து, அப்புறம் கழற்றுங்கள்.

அடுத்தது, பழைய டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டு எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றுவது. விண்டோஸ் புது டிஸ்க்கில் உட்காரும். கம்ப்யூட்டரைக் கிளப்பும் பூட் ஃபைல்களோ பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே அதற்கென இருக்கும் தனிப் பிரிவான பூட் பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துவிடலாம். ஆறு மாதம் எந்தத் தொந்தரவும் தெரியாது. ஒருநாள் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. இன்ஸ்டால் முடியும்வரை பழையதை வெளியே வைப்பது இரண்டு நிமிட வேலை.

கேபிள் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கழற்றி மாட்டும் வகை பவர் கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். டிஸ்க்கில் செருகும் முனைக்கு சாட்டா என்று பெயர், அது எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் மாடல்களுக்குள்ளேயும் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே காலி.

யுஎஸ்பி வழியாக மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேப்டாப்பின் 2.5 இஞ்ச் டிஸ்க் யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும். டெஸ்க்டாப்பின் 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனி அடாப்டர் உள்ள கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியும் டிஸ்க் தெரியவில்லையா? செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 என்ற ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் செயலிழக்கும். மேனுவலில் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

பழைய யூசர் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று சொன்னாலும் பதற வேண்டாம். ஃபைல்கள் பழைய விண்டோஸின் கணக்குக்குச் சொந்தமாக இருக்கின்றன, அவ்வளவுதான். ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கம் போய் அந்த ஒரு ஃபோல்டரின் உரிமையை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்காமல் நம்புவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். செக்டர் என்பது டிஸ்க்கில் டேட்டா எழுதும் சிறு துண்டு. கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்கத் தடுமாறும் செக்டர்கள், படிக்கவே முடியாதவை என்பவை அந்த மூன்று வரிகள். மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. அந்த மென்பொருள் எண்களை ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்) முறையில் காட்டும் என்பதை மறக்காதீர்கள்: அங்கே 64 என்றால் நம் கணக்கில் 100. அதே பட்டியலில் சி7 வரி மட்டும் ஏறினால் பெரும்பாலும் டேட்டா கேபிள்தான் கோளாறு, மாற்றிப் பாருங்கள். சி5 ஏறிக்கொண்டே போனால் முதலில் வேண்டியதை வெளியே எடுங்கள், சோதனையெல்லாம் பிறகு. நோயாளியை ஓடவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

இனி ஃபார்மேட். பழைய விண்டோஸின் பூட் பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் அழிக்க விடாது என்பதால் பலரும் கட்டளை அடித்து இயக்கும் டிஸ்க்பார்ட்டுக்குப் போவார்கள். அதில் டிஸ்க்கின் எண்ணைத் தேர்ந்தெடுத்து கிளீன் என்று அடித்தால் முழு டிஸ்க்கும் போய்விடும், மறுகேள்வியே கிடையாது. ஒரே அளவில் இரண்டு 1 டிபி டிஸ்க் மாட்டியிருந்தபோது எண்ணைப் பார்க்காமல் நான் அடித்தேன். போனது பழைய டிஸ்க் இல்லை, பேக்கப் டிஸ்க். அன்றிலிருந்து மற்ற டிஸ்க்குகளைக் கழற்றாமல் அந்தக் கட்டளை பக்கமே போவதில்லை. நீங்களே வைத்துக்கொள்ளும் டிஸ்க்குக்குக் குவிக் ஃபார்மேட் போதும். யாருக்காவது கொடுப்பதென்றால் அது போதாது, அதில் டேட்டா அப்படியே இருக்கும்.

என்னிடம் இருக்கும் பழைய 1 டிபி டிஸ்க்கில் இப்போது சினிமாக்களும் போட்டோக்களின் இரண்டாவது காப்பியும் மட்டும்தான். முதல் காப்பி வேறு இடத்தில். டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கரில் கடைசியாகச் சோதித்த தேதியும் சி5 எண்ணும் எழுதியிருக்கிறேன். இன்றுவரை பூஜ்யம்.