டெலஸ்கோப் வாங்குறதுக்கு முன்னாடி பதினஞ்சு நாள் நிலாவ பாருங்க

வானத்த பாக்கணும்னு ஆசை வந்ததும் எல்லாரும் முதல்ல தேடுறது டெலஸ்கோப்தான். நானும் அப்படித்தான், அட்டைப்பெட்டி மேல 525 மடங்குன்னு கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு, பக்கத்துல சனி வளையத்தோட படம் வேற, ஆசையா வாங்கிட்டு வந்து பாத்தா ஸ்டாண்ட் காத்துக்கே ஆடுது, எதப் பாத்தாலும் கலங்கின தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி இருக்கு. முன்னாடி லென்ஸ் எத்தன மில்லிமீட்டரோ அதுல ரெண்டு பங்கு வரைக்கும்தான் உருப்படியா பெருசு பண்ண முடியும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, 60 மி.மீ. லென்ஸுன்னா 120 மடங்கு, அதுக்கு மேல போனா வெறும் மங்கல்தான். அது இப்ப பரண்ல கிடக்கு.

அதனால முதல் பதினஞ்சு நாள் வெறும் கண்ணு போதும். அமாவாசை முடிஞ்சு மூணாம் நாள் ஆரம்பிங்க. சூரியன் மறைஞ்சு அரைமணி நேரம் கழிச்சு மேற்குல கீழ பாத்தா மெல்லிசா பிறை தெரியும், இருட்டா இருக்குற மிச்ச பாகமும் சாம்பல் கலர்ல லேசா தெரியுதான்னு பாருங்க, அது பூமில பட்ட வெயில் திரும்பிப் போய் நிலா மேல விழுற வெளிச்சம். தினமும் அதே நேரம், அதே இடத்துல நின்னு பாக்கணும், இது ரொம்ப முக்கியம். கைய நல்லா நீட்டி முஷ்டிய மடக்குனா அதோட அகலம் சுமார் 10 டிகிரி. நேத்து இருந்த இடத்துலருந்து நிலா ஒரு முஷ்டிக்கு கொஞ்சம் கூடவே கிழக்கால தள்ளி நிக்கும். நிலாவோட அகலம் வெறும் அரை டிகிரிதான், நீட்டின கையோட சுண்டு விரலே அத முழுசா மறைச்சிரும், நம்பலேன்னா இன்னிக்கே செஞ்சு பாருங்க.

இப்படி நகருற நிலாதான் நமக்கு வழிகாட்டி. அஸ்வினி பரணின்னு 27 நட்சத்திரம் சொல்றோம்ல, நிலா வானத்த ஒரு சுத்து சுத்தி வர 27 நாளு சொச்சம் ஆகுது, நாளுக்கு ஒண்ணுன்னு தங்குற மாதிரி வச்ச பேருங்க அது. பேரு எல்லாருக்கும் தெரியும், வானத்துல எது எதுன்னுதான் தெரியாது. நிலா பாதி வளந்திருக்குற சமயமா பாத்துக்கிட்டா பிப்ரவரி கடைசி வாக்குல அது பக்கத்துல ஆரஞ்சா மின்னுறது ரோகிணி, மே மாசம் மகம், ஜூலைல வெள்ளையா சித்திரை, செப்டம்பர் ஆரம்பத்துல செவப்பா கேட்டை. ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன ஆகும், அவ்வளவுதான். இந்த நாலையும் அடையாளம் கண்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

கிரகங்களும் கிட்டத்தட்ட இதே ரோட்டுலதான் போகும். நிலா போற பாதையில மினுக்காம, விளக்கு வச்ச மாதிரி நிலையா ஒண்ணு தெரிஞ்சா அது கிரகம்தான். சாயங்காலம் மேற்குல கண்ண பறிக்கிற மாதிரி இருந்தா வெள்ளி, அது சூரியன விட்டு 47 டிகிரிக்கு மேல விலகாது, அதனால நடுராத்திரி தலைக்கு மேல பளிச்சுன்னு ஒண்ணு நின்னா அது வெள்ளி இல்ல, பெரும்பாலும் வியாழன். செவ்வாய் சுமார் 26 மாசத்துக்கு ஒருதடவ நல்லா பிரகாசமா வரும், மத்த நேரம் சாதா செவப்பு நட்சத்திரம் மாதிரி கிடக்கும், ஏமாந்துறாதீங்க. புதன் கஷ்டம், அத விட்டுத் தள்ளுங்க.

கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவ போன எடுத்துப் பாத்தா எல்லாம் போச்சு. ஸ்டெல்லேரியம் மாதிரி வானத்துல எது எங்க இருக்குன்னு காட்டுற ஆப் பாக்கணும்னா அதுலயே செவப்பு மோடு இருக்கு, அத போட்டுக்குங்க.

பதினஞ்சு நாள் தாண்டியும் ஆசை குறையலேன்னா ஒரு 10x50 பைனாகுலர் வாங்குங்க, அதாவது 10 மடங்கு பெருசா காட்டும், முன்னாடி லென்ஸ் 50 மி.மீ. முழங்கைய சுவர் மேல ஊனிக்கிட்டுப் பாக்கணும், இல்லன்னா எல்லாம் குதிக்கும். நிலாவ பௌர்ணமி அன்னிக்குப் பாக்காதீங்க, நிழலே இல்லாம தட்டையா இருக்கும். பாதி நிலா அன்னிக்கு வெளிச்சமும் இருட்டும் சேருற கோட்ட பாருங்க, பள்ளத்தோட விளிம்பெல்லாம் அங்கதான் எடுப்பா நிக்கும், இருட்டுப் பக்கத்துக்குள்ள தனியா ஒரு வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா அது மலை உச்சி, அடிவாரத்துல இன்னும் விடியல, உச்சில மட்டும் வெயில் பட்ருச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா அந்தப் புள்ளி பெருசாயிருக்கும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, சூரியன் முழுசா மறையுற வரைக்கும் பைனாகுலர அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, கண்ணு போயிரும்.

வியாழனுக்குப் பக்கத்துல ஒரே கோட்டுல குட்டி குட்டியா புள்ளி தெரியும், 1610ல கலிலியோ பாத்த அதே நாலு நிலாதான். ஒரு நோட்டுல நடுவுல வட்டம் போட்டு புள்ளி எங்க எங்க இருக்குன்னு தினமும் குறிச்சு வைங்க. ஒரு நாள் நாலுக்குப் பதிலா மூணுதான் இருக்கும், பைனாகுலர் சரியில்லன்னு நினைச்சு லென்ஸ தொடச்சுக்கிட்டு இருக்காதீங்க, ஒண்ணு வியாழனுக்கு முன்னாடியோ பின்னாடியோ போயிருக்கும், நாலுல வியாழனுக்கு ரொம்ப கிட்ட இருக்குற அயோங்கிற நிலா 42 மணி நேரத்துல ஒரு சுத்தே முடிச்சிரும், நாளைக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கும்.