மேலே ஏறாத விமானம்: விமானிகளின் கனவும் அதில் நாம் செய்யும் தவறுகளும்

கோவை பீளமேட்டு விமான நிலைய ரன்வேயில் இருந்து கிளம்புகிறேன். சக்கரம் தரையை விட்டுவிட்டது, ஆனால் விமானம் மேலே ஏற மாட்டேன் என்கிறது. சிட்ராவைத் தாண்டி, அவிநாசி ரோட்டின் மேலேயே, டவுன் பஸ்ஸுக்குப் பின்னால், கரண்டு கம்பிகளுக்குக் கீழே ஓட்டிக்கொண்டு போகிறேன். இறக்கை எந்தக் கடை போர்டிலும் இடிக்கக் கூடாது, அது ஒன்றுதான் மனசில் இருக்கும். பதினெட்டு வருஷமாக இதே கனவு. 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்த பிறகு, அந்தப் பத்துக் கிலோமீட்டர் பாலத்துக்கு அடியில், தூண்களின் ஓரமாக ஓட்டுவதாக மாறியிருக்கிறது.

கூடப் பறப்பவர்களிடம் கேட்டால் பலருக்கும் இதன் ஏதோ ஒரு சாயல் வருகிறது. கம்பிக்குக் கீழே பறப்பது, பெரிய ஜெட்டைத் தெருவில் ஓட்டுவது, செக்லிஸ்ட் கையில் இருந்தும் எழுத்து படிக்க வராமல் போவது. கனவு வருவதில் தவறு ஒன்றும் இல்லை. அது வந்த பிறகு நாம் செய்கிற காரியங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒருமுறை பல்லடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தங்கியிருந்தபோது இதை அமுச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், சொல்லிவிட்டேன். “விடியால கண்ட கனா பலிக்குமுங்கறாங்க கண்ணு. இன்னைக்கு ஒரு நாளைக்கு லீவு போட்டுரு சாமி” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பாசத்தில் சொன்னது அது. ஆனால் படித்த விமானிகளும் இதே பயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலைக் கனவுக்குக் காரணம் தூக்கத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ‘ரெம்’ என்ற கட்டம் வரும். 1953-இல் சிகாகோவில் தூக்க ஆய்வாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை உலகுக்குச் சொன்னார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். முன்னிரவில் சில நிமிடமே இருக்கும் ரெம், விடியும்போது நீண்டுவிடுகிறது. அதிலிருந்து நேராக எழுவதால் அந்தக் கனவு மட்டும் நினைவில் நிற்கிறது. கனவைச் சகுனமாக எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு எழுந்தவர், அதை நினைத்துக்கொண்டே ஐந்து மணி டியூட்டி ரிப்போர்ட்டிங்குக்குத் தூங்காமல் போகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது லூசிட் ட்ரீம். கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்து காண்பது. இது கட்டுக்கதை இல்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், இப்படிக் கனவு காணப் பழகிய ஆலன் வொர்ஸ்லியைத் தூங்கவைத்துச் சோதித்தார். ரெம் தூக்கத்தில் உடம்புத் தசைகள் கட்டுண்டு கிடந்தாலும் கண் தசைகள் கட்டுப்படுவதில்லை. கனவுக்குள் இருந்தபடியே வொர்ஸ்லி முன்கூட்டிப் பேசிவைத்த மாதிரி கண்ணை இடமும் வலமும் அசைத்துச் சேதி சொன்னார், கருவியில் அது பதிவானது. சில வருஷத்தில் அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜும் இதை நிறுவினார். விமானத்தை மேலே ஏற்ற முடியாமல் தவிப்பவருக்கு, ‘கனவென்று தெரிந்துவிட்டால் நானே ஏற்றிவிடுவேனே’ என்று ஆசை வருவது இயல்பு.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. என்னிடம் பயிற்சி பெற்ற ஈரோட்டுத் தம்பி ஒருவர் கண் சிவந்து வந்து நின்றார். விசாரித்ததில், மூன்று வாரமாக ராத்திரி இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் விழித்திருந்து, மறுபடி படுத்திருக்கிறார். லூசிட் ட்ரீம் வரவைக்கச் சொல்லப்படும் முறைதான் இது: ஐந்து மணி நேரம் தூங்கி, எழுந்து, திரும்பப் படுத்தால் நேரே ரெம்முக்குள் போக வாய்ப்பு அதிகம். காலை எட்டு மணி வரை படுத்திருக்க முடிகிறவருக்குச் சரி. அவருக்கு ஆறு மணிக்கு விமானம். திரும்பப் படுத்துக் கண் அயர்வதற்குள் குளிக்க நேரமாகிவிடும். “சார், ரெண்டு தடவை வந்துச்சுங்க சார், வானத்துல சும்மா மெதந்தேனுங்க” என்றார் சந்தோஷமாக. அன்றைக்கு அவர் தரையிறங்கும் வேகத்தை இரண்டு முறை தவறாகப் படித்தார். நான் அவரைப் பறக்க விடவில்லை, தூங்க அனுப்பினேன்.

அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடல் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும் நேரம். 2024-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வெளியிட்ட திருத்த விதிகள் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. நமக்குத் தூக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஓய்வு அது. அதில் அலாரம் வைத்துத் துளை போடாதீர்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடுக்கென எழுந்தால் மூளை சிறிது நேரம் மந்தமாகவே இருக்கும். 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டன் குறட்டை விட்டது பதிவாகியிருந்தது. தூங்கி எழுந்த மந்தத்தையும் விசாரணைக் குழு காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. அந்த அறிக்கையை நினைக்காமல் என்னால் இதைப் பற்றிப் பேச முடியவில்லை.

லூசிட் ட்ரீமுக்காக இன்னொரு பழக்கம்: கனவிலும் அதே சோதனை நினைவுக்கு வரட்டும் என்று, பகலில் அடிக்கடி ‘இது கனவா?’ என்று சோதித்துப் பார்ப்பது. மூக்கைப் பொத்தி மூச்சு விடுவது, எழுத்தை ஒருமுறை படித்துத் திரும்பப் படிப்பது. வீட்டில் செய்யுங்கள். காக்பிட்டில் வேண்டாம், வண்டி ஓட்டும்போதும் வேண்டாம். எதிரில் தெரிவது நிஜம்தானா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

கனவில் பறந்து பயிற்சி எடுக்கலாம் என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-இல் எர்லாகரும் ஷ்ரெடலும் வெளியிட்ட ஆய்வில், கனவில் நாணயத்தைக் கோப்பைக்குள் எறிந்து பழகியவர்கள் விழித்த பிறகு முன்னைவிட நன்றாக எறிந்தார்கள். நாணயம் எறிவது வேறு, விமானம் ஓட்டுவது வேறு. மேகத்துக்குள், சமநிலையை உணர்த்தும் நம் உட்காது பொய் சொல்லும். இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது நேராக இருப்பதாக உடம்பு சாதிக்கும். அந்த உணர்வை ஒதுக்கிவிட்டுக் கருவியை நம்புவதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி. கனவில் விமானம் நம் ஆசைப்படி திரும்புகிறது, கருவியும் ஆசைப்பட்டதைக் காட்டுகிறது. அதில் பழகினால் தலைகீழாகத்தான் பழகுவோம்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேலண்டமின் என்ற மறதி நோய் மருந்தைக் கனவுக்காக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விமானத்துறை மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். மது குடித்தால் முன்னிரவில் ரெம் அமுங்கி, பின்னிரவில் கெட்ட கனவுகளோடு திரும்ப வரும். பறப்பதற்கு முன் 12 மணி நேரம் குடிக்கக் கூடாது என்பது சட்டம், தூக்கம் சீராக அதைவிட அதிக நேரம் ஆகலாம்.

விழித்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தால், நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம்மின் தசைக் கட்டு அவிழும் முன் மூளை விழித்துக்கொண்டதுதான். ஓரிரு நிமிடத்தில் தானாக விலகும். விமானிகளுக்கான மெடிக்கலில் தகுதி போய்விடும் என்று மறைக்க வேண்டியது அது இல்லை. ஆனால் பறக்கும்போது நடந்த ஒரு சம்பவம் இரவுக்கு இரவு அப்படியே திரும்ப வந்து, வேர்த்து எழுந்து, தூங்கவே பயமாக இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நான் ஒரு மோசமான தரையிறக்கத்துக்குப் பிறகு நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவர்கள் சொல்லித்தான் மருத்துவரிடம் போனேன், முதல் நாளே போயிருக்கலாம்.

அப்படியும் ஆசை இருந்தால் லீவில் முயலுங்கள், மறுநாளும் டியூட்டி இல்லாத லீவில். இரவில் தானாக விழிப்பு வரும்போது, ‘அடுத்த கனவில் இது கனவென்று எனக்குத் தெரிய வேண்டும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பத் தூங்குவது லபெர்ஜ் சொன்ன முறை. எனக்கு இதுவரை மூன்று முறை வாய்த்திருக்கிறது. கடைசி முறை பாலத்தடியில் போய்க்கொண்டிருக்கும்போது உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்தேன், 3,400 அடி. தூணை ஒதுக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தேன், 80. மூன்றாவது முறை எண்களே இல்லை, தறிக்கூடத்தின் கணக்குச் சீட்டு மாதிரி ஏதோ கிறுக்கல். தெரிந்துவிட்டது. கண்ட்ரோலை விட்டுக் கையை எடுத்தேன். கம்பிகள் விலக, விமானம் நொய்யல் பக்கமாக மெதுவாக ஏறியது. வாசலில் பால்காரர் மணி அடித்தார்.