தோட்டப்புற ஊரில் அணு ஆயுத எதிர்ப்பு வேலை: எங்கிருந்து தொடங்குவது

நாடே கையெழுத்துப் போட்டாச்சே, அப்புறம் நாம் வேறு எதற்குக் கத்த வேண்டும்? சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் அணு ஆயுத ஒழிப்பு என்று பேச்செடுத்தால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் 2017 செப்டம்பர் 20ஆம் தேதி, கையெழுத்துக்குத் திறந்த முதல் நாளிலேயே மலேசியா கையெழுத்திட்டது. 2020 செப்டம்பரில் அதை உறுதிப்படுத்தியது. அதற்கும் முன்னால், 1995இல் பாங்காக்கில் போட்ட ஒப்பந்தப்படி தென்கிழக்காசியா முழுவதுமே அணு ஆயுதம் இல்லாத வட்டாரம். ஆக, அரசாங்கத்தை எதிர்த்துக் கோஷம் போடுகிற வேலை இங்கே இல்லை. இங்கே வேலை இரண்டு. 'குண்டு இருந்தால்தான் பாதுகாப்பு' என்று நம் ஆள்களே எவ்வளவு ஆழமாக நம்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அவர்களோடு பேசுவது ஒன்று. அரசாங்கம் ஏற்கெனவே சொன்ன சொல்லை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கேட்பது இன்னொன்று. முதலாவது கஷ்டம், இரண்டாவது சுலபம். பலர் இரண்டையும் விட்டுவிட்டுப் பேனர் அடிப்பதில் தொடங்குகிறார்கள்.

ஆள் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கைந்து பேர் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கிளினிக்கில் வேலை செய்கிற மிஸ்ஸி ஒருவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் ஒருவர், படிவம் ஆறு படிக்கிற பிள்ளை ஒன்று. எல்லாரும் ஒரே கட்சிக்காரர்களாக இருந்தால் அன்றோடு கதை முடிந்தது, சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை' என்று யாராவது சொன்னால் டாக்டர் ரொனால்ட் மெக்காயைப் பற்றிச் சொல்லுங்கள். கண்ணிவெடிக்கு எதிராக நடந்த இயக்கம் போல அணு ஆயுதத்துக்கும் ஓர் உலக இயக்கம் வேண்டும் என்று 2005இல் யோசனை சொன்ன மலேசிய மகப்பேறு மருத்துவர் அவர். அந்த இயக்கம்தான் ஐகேன். 2017இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது.

சரி, இப்போது கஷ்டமான வேலைக்கு வருவோம். அணு ஆயுதம் வைத்திருந்தால் எதிரி பயந்து தாக்காமல் இருப்பான் என்ற வாதத்துக்குத் தடுப்பாற்றல் கொள்கை என்று பேப்பரில் பெயர். ஒட்டுக்கடையில் அது வேறு வேறு உருவத்தில் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலை ஒப்பித்தால் எடுபடாது.

முதல் உருவம் நம் வீட்டுப் பெரியவர்கள். 'அந்தக் குண்டு போட்டதாலதான்பா ஜப்பான்காரன் போனான்.' இதைக் கேட்டதும் ஹிரோஷிமா படத்தைத் தூக்கிக் காட்டாதீர்கள். ஜப்பான் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், ஏராளமானோர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் காட்டிலேயே செத்தார்கள், மிஞ்சிய குடும்பங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டின. அப்பாவையோ தாத்தாவையோ அப்படி இழந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு குண்டு அநியாயம் என்று நாம் பாடம் எடுத்தால் அது அவர்கள் காதில் ஜப்பானுக்கு வக்காலத்தாகத்தான் விழும். முதலில் அவர்கள் கதையை முழுக்கக் கேளுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள், அதற்கே தனி மதிப்பு உண்டு.

அப்புறம் மெதுவாகச் சில விஷயங்களைச் சொல்லலாம். 1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி; இரண்டுக்கும் நடுவில் 8ஆம் தேதி சோவியத் ரஷ்யாவும் ஜப்பான் மேல் போர் அறிவித்துவிட்டது, ஜப்பானைச் சரணடைய வைத்தது எது என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். மலாயாவில் இறங்க பிரிட்டிஷ் படை திட்டம் போட்டு வைத்திருந்தது, செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் இறங்கவும் செய்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஹிரோஷிமாவில் அன்று மலாயாவிலிருந்து போன மாணவர்கள் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். நிக் யூசோப், சையது ஓமார் இருவரும் குண்டினால் இறந்தார்கள். பிழைத்து ஊர் திரும்பிய அப்துல் ரசாக் பிறகு இங்கே ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தார், 2013இல்தான் காலமானார்.

இதையெல்லாம் சொல்லியும் தாத்தா மனம் மாறாவிட்டால் விட்டுவிடுங்கள். 1945இல் போட்டது சரியா தப்பா என்பதில் நம்மோடு ஒத்துப்போகாத ஒருவர்கூட, இன்று ஒன்பது நாடுகள் கையில் ஏறக்குறைய 12,000 குண்டுகள் எதற்கு என்ற கேள்வியில் நம்மோடு வரலாம். அந்த இடத்தில்தான் அவர் வேண்டும். பழைய சண்டையில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது.

இரண்டாவது உருவம், 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா வெடித்ததைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிற மாமா. 'குண்டு இருக்கறதாலதான் பாகிஸ்தான் அடங்கிக் கிடக்குது.' அவர் பெருமையைக் கிண்டல் செய்யாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தியா வெடித்த அதே மாதம் பாகிஸ்தானும் வெடித்தது, அடுத்த ஆண்டே கார்கில் போர் வந்ததே, குண்டு எதைத் தடுத்தது? புத்திசாலி மாமாவாக இருந்தால், போர் கார்கிலோடு நின்றதே அந்தக் குண்டினால்தான் என்பார். இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், மறுத்து மூச்சு வாங்க வேண்டாம். பெரிய போர் நடக்கவில்லை என்றால் பயம் தடுத்தது என்கிறார்கள், சின்னப் போர் நடந்தால் பயம்தான் அதைச் சின்னதாக்கியது என்கிறார்கள். எது நடந்தாலும் சரியாகவே இருக்கிற வாதத்தைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. 1982இல் குண்டு வைத்திருந்த பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளுக்குள் அர்ஜென்டினா புகுந்தது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கைப்பேசியிலேயே உலகத்தைப் பார்க்கிற தம்பிகள். 'உக்ரேன் குண்டைக் கொடுத்திருக்காட்டி ரஷ்யா உள்ளே வந்திருக்குமா அண்ணே?' இதுதான் இருப்பதிலேயே வலுவான வாதம், அதனால் இதற்கு நன்றாகத் தயாராகிப் போங்கள். 1994 புடாபெஸ்ட் உடன்பாட்டில், குண்டை விட்டுக்கொடுத்தால் உக்ரேன் எல்லைக்கு மதிப்புக் கொடுப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் எழுதிக்கொடுத்தது உண்மை, ரஷ்யா அதை மீறியதும் உண்மை. ஆனால் அவை சோவியத் காலத்துக் குண்டுகள், அவற்றை ஏவுகிற கட்டுப்பாடு மாஸ்கோவிடம்தான் இருந்தது. போர் தொடங்கிய பிறகு பாருங்கள்: ரஷ்யாவிடம் குண்டு இருப்பதால்தான் மற்ற நாடுகள் உள்ளே இறங்கத் தயங்குகின்றன. அதாவது தாக்கியவனுக்குக் கேடயமாக நிற்பதும் அதே குண்டுதான். தம்பி இதற்கு மேலும் வாதாடினால், தானே செய்த ஆறு குண்டுகளைத் தானே பிரித்துப்போட்ட தென்னாப்பிரிக்காவைப் பற்றிச் சொல்லுங்கள்.

பயம் காட்டித் தடுக்கிற ஏற்பாடு, பயப்படுகிறவர்கள் எல்லாரும் எப்போதும் நிதானமாக இருந்தால்தான் வேலை செய்யும். கருவி பழுதானால்? 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத் எச்சரிக்கைக் கணினி காட்டியது. பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற அதிகாரி, இது பொய்யான எச்சரிக்கை என்று தன் முடிவில் நின்றார். மேகத்தில் பட்ட சூரிய ஒளிதான் துணைக்கோளை ஏமாற்றியிருக்கிறது. கருவி எப்போது ஏமாற்றும் என்பது தோட்டத்து ஆலையில் ஷிப்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

'அங்கே விழுந்தால் நமக்கென்ன' என்பவர்களுக்கு அரிசியைக் காட்டுங்கள். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியானது, உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. ஓர் அரசாணைக்கே இந்தப் பாடு. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு போட்டுக்கொண்டால் எழும் புகை வெயிலை மறைத்து விளைச்சல் சரிந்து, உலகெங்கும் 200 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் சாகலாம் என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அக்காமார்கள் கூட்டத்தில் ஏவுகணை எண்ணிக்கையைவிட இது எடுபடும்.

ஓர் எச்சரிக்கை. அணு மின்சாரத்தையும் அணுகுண்டையும் கலக்காதீர்கள், அது தனிச் சண்டை. புக்கிட் மேராவை யாராவது இழுப்பார்கள், ஈப்போ பக்கம் என்பதால் கட்டாயம் இழுப்பார்கள். அங்கே நடந்தது அரிய மண் ஆலையின் கதிரியக்கக் கழிவுப் பிரச்சினை, ஆயுதம் இல்லை. ஆனால் அந்த ஊர் மக்கள் வேலை செய்த விதத்தைப் படியுங்கள்: வெளிநாட்டு நிபுணர்களை வரவழைத்தார்கள், வழக்குப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், 1987இல் சிலர் உள்ளே வைக்கப்பட்டும் விடவில்லை. 1992இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது, தீர்ப்பு சாதகமாக இல்லாமலே 1994இல் ஆலை மூடப்பட்டது.

கூட்டத்துக்கு ஆகஸ்ட் 6 நல்ல நாள்தான், ஆனால் அது ஆடி மாதம். தீமிதி, கூழ் ஊற்றுதல் என்று கோயில் மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் ஒலிபெருக்கி சும்மா இருக்காது. செப்டம்பர் 26 அணு ஆயுத ஒழிப்புக்கான ஐநா நாள், பெட்ரோவ் கதைக்கும் அதே தேதி. எனக்கு அதுதான் வசதியாகப் படுகிறது. மண்டபத்துக்குள் ஐம்பது பேர் உட்கார்ந்து பேசுவது போதும். தெருவில் இறங்குவதாக இருந்தால் அமைதிப் பேரணிச் சட்டப்படி 5 நாளுக்கு முன்பே ஓசிபிடிக்கு, அதாவது மாவட்டப் போலீஸ் தலைவருக்கு, நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். தமிழ்ப்பள்ளியில் செய்வதென்றால் தலைமையாசிரியரை முன்கூட்டியே பாருங்கள், அவரும் மேலே அனுமதி கேட்க வேண்டியிருக்கும், கடைசி வாரத்தில் போய் அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும், 'உலக அமைதி' என்று எழுதினால் யாருக்கும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. நகராண்மைக் கழகத்திடம் கேட்கக்கூடியது, அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்கு ஆதரவு தெரிவிக்கிற ஐகேனின் நகரங்கள் அழைப்பில் சேர்வது. பாரிஸும் வாஷிங்டனும் சேர்ந்துவிட்டன, அவற்றின் அரசாங்கங்கள் குண்டை வைத்துக்கொண்டிருக்கும்போதே. நம் கவுன்சிலர்கள் தேர்தலில் நிற்பவர்கள் இல்லை, மாநில அரசு நியமிப்பவர்கள், அதனால் ஓட்டைக் காட்டி மிரட்ட முடியாது. நேரில் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். ஈபிஎஃப்பிடம் கேட்கக்கூடியது வேறு: என் சேமநிதிப் பணம் அணு ஆயுதம் செய்கிற நிறுவனங்களின் பங்குகளில் போகிறதா, அதற்கென்று கொள்கை உண்டா? சந்தாதாரர் என்ற முறையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆளுக்கு ஒரு கடிதம், அவரவர் சொந்த வார்த்தையில், மலாயில். ஒரே கடிதத்தை நாற்பது பேர் பிரதி எடுத்து அனுப்பினால் ஒரே கடிதமாகத்தான் எண்ணப்படும்.

ஒய்பியிடம், அதாவது நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம், தீர்மானம், ஆதரவு, படம் எடுப்பது எதுவும் கேட்காதீர்கள். நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள், அதையும் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்: பாங்காக் ஒப்பந்தத்தின் இணைப்பில் ஐந்து அணு வல்லரசுகளையும் கையெழுத்திட வைக்க விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) இந்த ஆண்டு என்ன செய்தது, ஆசியானில் இன்னும் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கூடப் போடாத சிங்கப்பூரிடம் பேசியதா? இந்தோனேசியாவே 2024இல் உறுதிப்படுத்திவிட்டது, அதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். அமைச்சர் தரும் பதில் ஹன்சார்டில், அதாவது நாடாளுமன்றப் பதிவேட்டில், ஏறிவிடும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒய்பி அலுவலகம் போங்கள், பதிலில் 'முயற்சிகள் தொடர்கின்றன' என்று இருந்தால் என்னென்ன முயற்சி என்று அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்.