கிரிம்பிங் மெஷின் செட்டிங்: ராம் லாக் நட்டைத் தொடும் முன்

கிரிம்பிங் என்றால் கம்பி நுனியில் டெர்மினல் என்ற உலோக முனையை அழுத்தி மடக்குவது. வயர் ஹார்னெஸ் (கம்பிக் கட்டு) வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் புதிதாக ஒன்றுமில்லை. இந்த மெஷினில் பழகிய எல்லோரும் தொடக்கத்தில் செய்தவைதான். உறையைக் கூடுதலாக உரிப்பது, ரீலைத் திருப்பி மாட்டுவது போன்றவற்றை விட்டுவிடுவோம்; முதல் பத்துப் பீஸிலேயே அவை கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் ஆயிரக்கணக்கில் ஓடிவிடும் தவறுகளை மட்டும் பார்ப்போம். 2 டன் பெஞ்ச் பிரஸ்ஸில் சைடு ஃபீட் அப்ளிகேட்டர் (டெர்மினல் பக்கவாட்டில் ஊட்டப்படும், கழற்றி மாட்டும் அச்சு) போட்டு ஓட்டுகிறவர்களுக்கானது இது.

ராமை இறக்கி கிரிம்ப் ஹைட்டைச் சரிசெய்வது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு. இன்றும் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கிரிம்ப் ஹைட் (மடங்கிய டெர்மினலின் உயரம்) 0.1 மி.மீ. கூடுதலாக வருகிறது, அதை மாற்றும் அப்ளிகேட்டர் டயலோ கடைசி எண்ணில் நிற்கிறது. உடனே ஸ்பேனரை எடுத்து, பிரஸ் ராமின் (இறங்கி அடிக்கும் பகுதி) லாக் நட்டைத் தளர்த்தி, ராமைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறார்கள். அளவு சரியாக வந்துவிடும். வந்துவிடுவதால்தான் இந்தப் பழக்கம் ஒழியவே மாட்டேன் என்கிறது.

இவ்வகை அப்ளிகேட்டர்கள் ஒரே ஷட் ஹைட்டை நம்பிச் செய்யப்பட்டவை. அதாவது ராம் அடிப்புள்ளியில் நிற்கும்போது, அப்ளிகேட்டர் தலையை அழுத்தும் பரப்புக்கும் பேஸ் பிளேட்டுக்கும் இடையே 135.8 மி.மீ. இருக்க வேண்டும். ஒரே பிரஸ்ஸில் ஒரு நாளைக்கு நான்கைந்து அப்ளிகேட்டர் மாறும். ஒன்றுக்காக ராமை 0.1 இறக்கினால், அடுத்து ஏறுவதெல்லாம் 0.1 இறுக்கமாக அடிக்கும். சிறிய டெர்மினலுக்கு வழக்கமான டாலரன்ஸ் ±0.05தான். இரவு ஷிஃப்ட்டில் ராமை இறக்கியவர் வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் வருகிறவர் செட்டிங் ஷீட்டைப் பார்த்து டயலைச் சரியான எண்ணில்தான் வைப்பார். ஸ்ட்ராண்டுகள் (கம்பிக்குள் இருக்கும் மெல்லிய இழைகள்) நசுங்கிப் போகும். மேலிருந்து அடிக்கும் பஞ்ச், கீழே தாங்கும் ஆன்விலில் இடித்து மூலை உடைந்தால் டூலிங் செலவும் சேரும். இன்சுலேஷன் பக்கமும் கூடவே இறுகுவதால், மெல்லிய உறையை டெர்மினலின் இறக்கை (உறையைச் சுற்றி மடங்கும் தகடு) கிழித்து உள்ளே செம்பைத் தொடும்.

அளவு தவறினால் காரணத்தைத் தேடுங்கள். ஹைட் கூடியிருந்தால்: ஆன்வில் அல்லது பஞ்ச் தேய்மானம், வேறு பார்ட் நம்பர் டெர்மினல், தடித்த கம்பி. திடீரென்று குறைந்திருந்தால்: அப்ளிகேட்டரின் அடியில் ஸ்ட்ரிப்பின் வெட்டுத்துண்டு சிக்கி ஆன்விலைத் தூக்கியிருக்கும், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அடித்து அளந்து பாருங்கள். பத்துப் பீஸ் அளந்து பத்தும் வேறுவேறாக வந்தால், கிளாம்ப் தளர்ந்திருக்கும் அல்லது ராம் கைடு ஆடுகிறது. ஷட் ஹைட் மீதே சந்தேகமா? அப்ளிகேட்டரைக் கழற்றி, கேஜ் வைத்து, ராமை அடிப்புள்ளிக்குக் கையால் கொண்டுவந்து 135.8 வைத்து நட்டை இறுக்குங்கள். நட்டின் மேல் ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டால், யாராவது திருப்பியிருந்தால் அடுத்த நாளே தெரியும்.

வெர்னியரால் அளப்பது

கிரிம்ப்பின் அடியில் இரு ஓரங்களிலும் மெல்லிய பிசிறு நிற்கும். வெர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இறுக்கினால் ஓவர் கிரிம்ப். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் ஊசிமுனை உள்ள கிரிம்ப் மைக்ரோமீட்டர்தான் வேண்டும். ஊசிமுனை பிசிறுகளுக்கு நடுவே, பெல்மவுத்தை (கிரிம்ப்பின் ஓரத்தில் மணி வாய்போல் விரியும் பகுதி) விட்டுத் தள்ளி, கிரிம்ப்பின் மையத்தில் நிற்க வேண்டும்.

பெல்மவுத் வரவில்லையென்று டயலைத் திருப்புவது

டயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டெர்மினல் டிராக்கை (டெர்மினல் ஸ்ட்ரிப் ஓடும் பாதை) முன்பின் நகர்த்துங்கள். கம்பி நுழையும் பக்கம் பெல்மவுத் இல்லாவிட்டால் கூர்விளிம்பு ஸ்ட்ராண்டை வெட்டும். டெர்மினல் ஒருக்களித்து மடங்கினால் டிராக்கை விட்டுவிட்டு, ஃபீட் ஃபிங்கரை (டெர்மினலை முன்னே தள்ளும் விரல்) சரிசெய்து டெர்மினலை ஆன்விலின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் ஸ்ட்ரோக்கை மோட்டாரில் போடுவது

மெயினை அணைத்துவிட்டுக் கையால் ஒரு முழுச் சுற்று. விதிவிலக்கு கிடையாது.

புல் டெஸ்ட்டை மட்டும் நம்புவது

புல் டெஸ்ட் என்பது கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனை. ஐஇசி 60352-2 தரநிலைப்படி 0.5 சதுர மி.மீ. கம்பி குறைந்தது 60 நியூட்டன், 1.0 கம்பி 108 நியூட்டன் தாங்க வேண்டும். ஆனால் ஹைட்டைக் குறைக்கக் குறைக்க இழுவிசை ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு விழும். உச்சத்தின் இருபுறமும் பாஸாகும் அளவுகள் உண்டு. ஆகவே ஹைட் ஷீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கம்பி உருவிக்கொண்டு வந்தால் தளர்வு, கிரிம்ப்பின் வாயிலேயே அறுந்தால் பெரும்பாலும் அதிக இறுக்கம்.

சோதிக்கும்போது இன்சுலேஷன் இறக்கைகள் உறையைப் பிடித்திருக்கக் கூடாது. பிடித்திருந்தால் கேஜில் தெரிகிற நியூட்டனில் உறையின் பிடியும் சேர்ந்திருக்கும். சாம்பிளுக்கு மட்டும் இன்சுலேஷன் டயலைத் தளர்த்தி அடித்து இழுங்கள். பிறகு டயலைப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்து விடுங்கள்.